பட்டும் படாமலும்

காட்கோபர் மாலில்
பெண்களுக்கான திரைக்குப் பின்னால்
நாளொன்றுக்கு எழுநூறு உடல்களைப்
பட்டும் படாமலும் தடவி அனுப்புகிறேன்.
தடவுவது என்று சொல்லக் கூடாதாம்.
சோதிப்பது.

கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்:
இது ரேயான்,
இது கடையிலிருந்து நேரே இடுப்பேறிய ஜீன்ஸ்,
இன்னும் விறைப்பு இறங்கவில்லை,
இது பட்டென்று சொல்லி விற்ற பாலியஸ்டர்.
பாவம், அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்வதில்லை.

என் யூனிஃபார்ம் கருநீலம்.
கொடுத்தது இரண்டு செட்,
சம்பளத்தில் பிடித்தது மூன்றுக்கு.
பையைப் பிரித்ததும்
மண்ணெண்ணெயும் மீனும் கலந்த வாடை.
புதுத்துணியை யார் துவைத்துவிட்டுப் போடுவார்கள்?
ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து
அப்படியே போட்டேன்.

ஏப்ரலில் தொடங்கியது.
முதலில் அக்குளின் கரையில்,
குழியில் அல்ல, கரையில்.
பிறகு இடுப்பைச் சுற்றி,
பிறகு முழங்கை மடிப்பில்.
வேர்க்குரு என்றார் மெடிக்கல்காரர்.
படர்தாமரை என்றாள் பக்கத்து வீட்டுச் சுரேகா,
பாதி பிதுக்கிய ட்யூப் ஒன்றை நீட்டி.
சூப்பர்வைசர் மிஸ்ரா
நோய்க்குப் பேர் வைக்கவில்லை.
"இசக்கி, நீ சொறிவது
கேமராவில் நன்றாக இல்லை."

சயான் ஆஸ்பத்திரியில்
டாக்டர் மருந்து எழுதவில்லை,
முதுகைக் கேட்டாள்.
இருபது சின்ன வில்லைகள் வரிசையாய் ஒட்டி
பேனாவால் கோடு கிழித்து எண் போட்டாள்.
நிக்கல், ரப்பர், ஃபார்மலின்,
பிறகு சாயங்கள், சாயங்கள்.
இரண்டு நாள் குளிக்காதே,
வியர்க்காதே.
வியர்க்காதே!
தாராவியில், மே மாதத்தில், தகரத்துக்கு அடியில்.
சிரித்துவிட்டேன். அவளும்தான்.

பிறந்ததிலிருந்து என் முதுகை நான் பார்த்ததில்லை.
அந்த இரண்டு இரவும் குப்புறப் படுத்து
அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
எனக்குத் தெரியாத பக்கத்தில்
என்னைப் பற்றி ஒரு பரீட்சை நடக்கிறது.
எழுதுவதும் நான்தான்.

திங்கள் ஒட்டி, புதன் பிரித்து,
வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தாள்.
பத்தொன்பது கட்டம் வெறும் தோல்.
பதினான்கில் மட்டும்
கடுகு கடுகாய்க் கொப்புளம், சுற்றிலும் சிவப்பு.
கூட வந்த சுரேகா போனில் எடுத்துக் காட்டினாள்.
இவ்வளவு சின்னதா?

நீலம், என்றாள் டாக்டர்.
பாலியஸ்டரில் ஏற்றுகிற ஒரு நீலம்.
இழையைக் கெட்டியாய்ப் பிடிக்காது,
வியர்வையோடு இறங்கி வரும்.
ஒருவன் குட்டு உடைந்தால்
சாயம் வெளுத்துப் போச்சு என்போம்.
என் சட்டை வெளுக்கவேயில்லை.
கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பருத்தி, வெளிர்நிறம், தளர்வாக
என்று சீட்டில் எழுதித் தந்தாள்.
மிஸ்ரா இரண்டு முறை படித்தார்.
மாலுக்கு ஒரே நிறம்தான்.
வேண்டுமானால் பார்க்கிங் இருக்கிறது,
அங்கே சொந்தச் சட்டை போடலாம்,
மாதம் ஆயிரத்து ஐந்நூறு குறையும்.
வகுத்துப் பார்த்தேன்:
நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்க்குச் சொறிகிறேன்.

இப்போது உள்ளே முழுக்கை வெள்ளைப் பனியன்.
தாதர் நடைபாதையில் வாங்கி
மூன்று முறை அலசியது.
வெந்து சாகிறேன்.
அரிப்பு பாதி.

நேற்று மாலை, வரிசை வாசல்வரை.
திரைக்குள் ஒருத்தி கைகளை உயர்த்தினாள்.
கையில்லாத கருநீலக் குர்த்தா,
உள்ளே வழவழவென்று லைனிங்.
அக்குளின் கரையில்,
குழியில் அல்ல.
கருவி அவள் பொத்தானுக்குக் கத்தியது.
போங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில்
"மேடம், அது வேர்க்குரு இல்லை" என்றேன்
என் ஓட்டை இந்தியில்.

வெளியே யாரோ திரையைத் தட்டினார்கள்.
அவள்
உயர்த்திய கையை இறக்கவில்லை.